இரண்டு கிடாய் உரிமை கேட்கும் குட்டிகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். எனது மறி ஆட்டை ஜனவரி 10ஆம் திகதி, எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவரின், நீளக் காதுள்ள ஜமுனாபாரி இனக் கிடாய்க்குக் கொண்டுபோய் விட்டேன். வழக்கமாக 2,000 ரூபாய் வாங்குவார். என்னிடம் காசு இல்லாததால், "குட்டி போட்டால் ஒரு பெட்டைக்குட்டி தா, போதும்" என்றார். ஜனவரி 30 மறி கிடாய் தேடித் திரும்பவும் கத்தியது. அன்று மத்தியானம் பக்கத்து வளவு நாட்டுக் கிடாய் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து ஏறிவிட்டது. ஜூன் 26 இரண்டு பெட்டைக்குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்குக் காது நீளமாகத் தொங்குகிறது. மற்றது கறுப்பு, பக்கத்து வளவுக் கிடாயை உரித்து வைத்த மாதிரி. காது நீண்டது தன்னுடையது, தராவிட்டால் வந்து தூக்கிப்போவேன் என்கிறார் பெரியப்பா. கறுப்பைப் பக்கத்து வீட்டு அண்ணை கேட்கிறார். மறியும் ஜமுனாபாரிக் கலப்பென்று சொல்லித்தான் வாங்கினேன். இரண்டு குட்டியும் போனால் எனக்கு என்ன மிச்சம்?

பதில்: சகோதரி, முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். இரண்டு குட்டியும் உங்களுடையவை. நமது இலங்கையில் இந்த விடயத்துக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி குட்டி தாயைச் சேரும். தாய் ஆடு யாருக்குச் சொந்தமோ குட்டியும் அவருக்கே. தகப்பன் எந்தக் கிடாயாக இருந்தாலும் இது மாறாது. மனிதப் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 112ஆம் பிரிவு இருக்கிறது. ஆட்டுக்கு அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை. காரணம், கிடாய்க்காரருக்குக் குட்டியில் பிறப்புரிமை என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆகவே பக்கத்து வீட்டு அண்ணையின் கதை இங்கேயே முடிகிறது. அவரோடு உங்களுக்குப் பேச்சும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. கறுப்புக் குட்டி அவருடைய கிடாய்க்கே பிறந்தது என்று நூறு பேர் சொன்னாலும் அவர் கேட்க ஒன்றும் இல்லை. பார்க்கப்போனால், வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தது அவருடைய விலங்கு. நட்டம் கேட்கும் உரிமை உங்களுக்குத்தான் இருக்கிறது. அதற்கு 2 வருட அவகாசமும் உண்டு. ஆனாலும் ஒரே வேலிக்கு இரு பக்கமும் வாழவேண்டியவர்கள் நீங்கள். அவர் குட்டியை மறந்தால் நீங்களும் வேலியை மறந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பெரியப்பாவின் கேள்வி வேறு. அவருக்கு நீங்கள் வாய்ப்பேச்சில் ஒரு குட்டி தருவதாக ஒத்துக்கொண்டீர்கள். எழுதாவிட்டாலும் அது ஒப்பந்தம்தான், 3 வருடத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். அந்தப் பேச்சை யார் கேட்டாலும் "என் கிடாய்க்குக் குட்டி பிறந்தால்" என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அப்படியென்றால் தகப்பன் தன் கிடாய்தான் என்று காட்டவேண்டியவர் அவர். எவர் ஒன்றைச் சொல்லி உரிமை கேட்கிறாரோ அவரே அதை நிரூபிக்கவேண்டும் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு.

அவரால் அது முடியாது என்றே நினைக்கிறேன். என் அம்மம்மா மறியைக் கிடாய்க்கு விட்ட நாளில் கொட்டில் கப்பில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். அங்கிருந்து ஐந்து மாதம் எண்ணி, அந்தக் கிழமை மறியை மேயவிடமாட்டார். ஆடு ஏறக்குறைய 150 நாள் சுமக்கும், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். உங்கள் கணக்கைப் போடுங்கள். ஜனவரி 30இலிருந்து ஜூன் 26 வரை 147 நாள். ஜனவரி 10இலிருந்து எண்ணினால் 167 நாள் வருகிறது. எந்த மறியும் அவ்வளவு நாள் சுமப்பதில்லை. அதோடு 20ஆம் நாள் அது திரும்பக் கத்தியிருக்கிறது. சினை பிடிக்காத மறி மூன்று கிழமைக்கு ஒருமுறை கத்தும். முதல் முறை பிடிக்கவில்லை என்று மறியே சொல்லிவிட்டது.

அப்போ அந்த நீண்ட காது? அது தாய்வழி. மறியே ஜமுனாபாரிக் கலப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த இரத்தம் ஒரு குட்டியில் தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை. ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு ஒரு கிடாயும் மற்றதற்கு வேறு கிடாயும் தகப்பனாக இருப்பது உண்மையிலேயே நடக்கும். ஆனால் இரண்டு கிடாயும் ஒரே கத்தலில், ஒரு நாள் ஒன்றரை நாளுக்குள், ஏறியிருக்கவேண்டும். இடையில் 20 நாள் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிறத்தையும் காதையும் வைத்து இருவரும் குட்டிகளைப் பங்குபோட்டது அவசரம். உடம்பில் ஓரளவு நம்பக்கூடிய அடையாளம் கொம்புதான்: கொம்புள்ள தாய்க்கு மொட்டைக்குட்டி பிறந்தால் தகப்பன் மொட்டைக் கிடாய். இன்னும் சில கிழமையில் குட்டிகளின் தலையைத் தடவிப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனை செய்தால் சந்தேகமே இராது. வேரோடு பிடுங்கிய மயிரோ இரத்தமோ போதும். ஆனால் தாய், குட்டிகள், இரண்டு கிடாய் எல்லாவற்றிலும் எடுக்கவேண்டும். செலவு குட்டியின் விலையைத் தாண்டிவிடும். நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் இரண்டு திகதியையும் சொல்லி, ஆட்டின் சினைக்காலம் பற்றி ஒரு கடிதம் வாங்குங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி நிபுணர் கருத்துக்கு மதிப்பு உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். உங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. மறி திரும்பக் கத்தினால் இன்னொரு தடவை காசில்லாமல் விடுவது கிடாய்க்காரர்களின் வழக்கம். ஜனவரி 30 காலையிலேயே அவரிடம் கொண்டுபோயிருந்தால் குட்டிகள் அவருடைய கிடாய்க்கே பிறந்திருக்கலாம். "எனக்கு ஏன் அறிவிக்கவில்லை?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவர் கிடாயை விட்டதும் உண்மை. அதனால் அந்த 2,000 ரூபாயை, தவணையாகவேனும், நீங்களாகவே கொடுக்க முன்வாருங்கள். குட்டியைக் கொடுக்கவேண்டாம்.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விடயம் மத்தியஸ்த சபைக்குப் போகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் அங்கேதான் போகவேண்டும். இணக்கம் வரவில்லை என்று சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. மூன்று பேர் இருந்து கேட்பார்கள், சட்டத்தரணி வரத் தேவையில்லை. ஆடு வளர்த்துப் பழகியவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருந்தால் 167 நாள் என்றதுமே விளங்கிவிடும்.

"வந்து தூக்கிப்போவேன்" என்பதை மட்டும் பொறுக்கவேண்டாம். உரிமை இருப்பதாக நினைத்தாலும் உங்கள் படலையைத் திறந்து வந்து எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மீறி வந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். இன்றைக்கே குட்டிகளைத் தாயோடு நிறுத்தி, காதும் நிறமும் தெரியக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூன்று திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த மத்தியானம் கிடாயைத் துரத்த உதவியவர் யாராவது இருந்தால் அவருடைய பெயரையும் பக்கத்தில் குறியுங்கள்.