எண்ணெய்ப்பனை மாடலிங்: காரைக்குடி ஆச்சி ஒருவரின் கேள்விக்குப் பதில்

ஆச்சி, உங்கள் மகள் பி.எஸ்சி. வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை எப்படி வளரும், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன ஆகும் என்று கணினியில் கணிக்கும் மாடலிங் துறைக்குப் போகிறேன் என்கிறாள். "பாமாயிலுக்கு எதுக்கு இத்தனை படிப்பு, வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை உண்டு. இடங்கள்தான் குறைவு. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ரூ.11,040 கோடியில் எண்ணெய்ப்பனை இயக்கத்தை அறிவித்தது. கூடுதலாக 6.5 லட்சம் எக்டேரில் நடுவது இலக்கு. எந்த மண்ணில் நட்டால் தாங்கும், நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட ஆள் வேண்டும். இந்தப் பயிருக்கென்றே ஆந்திராவில் பெதவேகியில் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம் இருக்கிறது. வெளிநாடு என்றால், நம்மவர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன அதே மலேசியா.

இது ஏ.சி. அறைக்குள் முடிகிற வேலை இல்லை என்பதை மகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் முழுதாக விரிந்த இளம் மட்டைக்கு எண் 1. அதே சுருள் வரிசையில் கீழே வந்தால் 9, அதற்கும் கீழே 17. அந்தப் பதினேழாம் மட்டையில், அடிப்பக்கத்துக் கடைசி ஓலை முளைக்கும் இடத்தில் காம்பின் அகலத்தையும் தடிமனையும் காலிப்பரால் அளக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, 0.1023ஆல் பெருக்கி, 0.2062 கூட்டினால் மட்டையின் உலர் எடை கிலோவில் வரும். 8 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன் என்றால் 3.48 கிலோ. அகலத்தை 9 என்று தப்பாக எழுதினால் 3.89. ஒரு மட்டைக்கு 400 கிராம்தானே என்று தோன்றும். மரத்துக்கு ஆண்டுக்கு 24 மட்டை, எக்டேருக்கு 143 மரம் என்று பெருக்கிப் பாருங்கள், பிழை 1.4 டன்னில் போய் நிற்கும்.

கல்லூரியில் படித்த புள்ளியியல் சறுக்கும் இடம் காலதாமதம். மரத்துக்குள் உருவாகும் பாளை ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிறது. அப்போது வறட்சி தாக்கினால் ஆண் பாளை கூடும், குலை குறையும். இந்த ஆண்டு மழையையும் இந்த ஆண்டு மகசூலையும் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டால் ஒன்றும் புலப்படாது. பலர் இங்கேதான் "மாடல் சரியில்லை" என்று கைவிடுகிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாசா பவர் இணையதளத்தில் காரைக்குடிக்கான பத்தாண்டு தினசரி மழை, வெப்பநிலை, சூரியக் கதிர்வீச்சு இலவசமாகக் கிடைக்கும். விடுபட்ட நாள்களில் -999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மே மாதமும் உறைந்துபோகும். 9 மீட்டர் முக்கோண நடவில் ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டர், ஆக 1 மி.மீ. தண்ணீர் என்றால் 70 லிட்டர். கோடையில் நாளுக்கு 4 மி.மீ. பற்றாக்குறை வந்தால் மரத்துக்கு 280 லிட்டர். இந்தப் பயிருக்கு ஆண்டு முழுக்கப் பரவலாக 2,000 மி.மீ. மழை வேண்டும். நம் பக்கம் ஏறத்தாழ 900, அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். செம்புறை மண்ணோ தண்ணீரைப் பிடித்து வைக்காது. செட்டிநாட்டில் இந்த மரம் ஏன் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கும் என்பதை அவளே கணக்கில் பார்ப்பாள். அது முடிந்ததும், பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் ஏப்சிம் மென்பொருளைத் தொடட்டும். அதில் எண்ணெய்ப்பனைக்குத் தனிப் பகுதி உண்டு, கல்விப் பயன்பாட்டுக்குக் காசில்லை.

சுற்றுச்சூழல் கணக்கில் அடிக்கடி தவறுவது, உரத்திலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு. வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 1.2 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), எக்டேருக்கு சுமார் 172 கிலோ. அதில் 1 சதவீதம் வாயுவாகப் போகும் என்பது வழக்கமான கணிப்பு. அந்த 1.72 கிலோ வெறும் நைட்ரஜன்தான். 44/28ஆல் பெருக்கினால்தான் நைட்ரஸ் ஆக்சைடு, 2.7 கிலோ. இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடாக்கும், அதனால் இதை 273ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 737 கிலோ. ஆலைக் கழிவுநீர்க் குட்டையின் மீத்தேன் தனி. ஆனால் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது, நடுவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதுதான். காட்டையோ கரிச்சதுப்பையோ அழித்து நட்டதும் முந்திரித் தோப்பை மாற்றி நட்டதும் ஒன்றாகாது.

படிப்புக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. வேளாண் வானிலையியல் பொருத்தம், ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை நுழைவுத்தேர்வையும் எழுதி வைக்கட்டும். பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறி ஆய்வுத் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆனால் மாதம் ரூ.37,000 உதவித்தொகை. வெளிநாட்டுக்கு உதவித்தொகையோடு பிஎச்.டி. கிடைத்தால் அனுப்புங்கள். கடன் வாங்கி அங்கே முதுநிலைக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். "வேளாண்மையில் ஏ.ஐ." என்று ஆறு மாதச் சான்றிதழுக்கு லட்சம் கேட்கும் இடங்களுக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம். பைத்தான், ஆர் (R) என்ற கணினி மொழிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை இந்த விடுமுறையில் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அலுத்துப்போனால் எம்.பி.ஏ. வேளாண் வணிகம் பார்க்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கணக்கு ஒத்துவராத இடத்தைத் தோண்டிக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தால் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், ஆச்சி.