குலுக்கினால் உருளும் சங்கு

கேள்வி: அண்ணாச்சி, பாட்டி பூஜையில் வைத்திருந்த இடம்புரிச் சங்கு இப்போது என்னிடம் இருக்கிறது. குலுக்கினால் உள்ளே ஏதோ உருளுகிறது. வீட்டுக்கு வந்த வியாபாரி ஒருவர், "சங்கு முத்தாக்கும், லட்சக்கணக்கில் போகும். உடைத்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்கிறார். உடைக்கலாமா?
– வாசகி, பாறசாலை

பதில்: உடைக்க வேண்டாம், தங்கச்சி. அது முத்தாக இருக்க வழியில்லை.

சங்கில் முத்து விளையும், அது பொய்யில்லை. ஆனால் அது வளர்வது உள்ளே வாழும் உயிரின் சதையில், ஓட்டைச் சுரக்கிற தோல் மடிப்பில். சதையை எடுக்கும்போது முத்தும் அதோடு போய்விடும். கழுவிச் சுத்தமாகக் கடைக்கு வந்த சங்கில் ஏது முத்து?

களியக்காவிளையில் கடை போடுவதற்கு முன் தூத்துக்குடியில் மாமாவின் சங்குக் கிட்டங்கியில் ஏழு வருஷம் இருந்தேன். குளியாட்கள் கொண்டு வரும் சங்கை மணலில் புதைத்து, சதை அழுகிய பிறகு தோண்டிக் கழுவுவோம். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. அந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, கழுவிய மணலில் ஒரு மணி கிடைத்தது. மொச்சைக் கொட்டையில் பாதி, வெளிறிய ரோஸ் நிறம். சிப்பி முத்தின் வானவில் பளபளப்பு அதில் இல்லை. பீங்கான் கிண்ணத்தைத் தடவுவது போல வழுவழுவென்று இருந்தது. மாமா அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார். இப்போதும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பெரிய விலை பேசப்படும் சங்கு முத்து கரீபியன் கடலின் ராணிச் சங்கில் விளைவது. பத்தாயிரம் சங்குக்கு ஒன்று தேறினால் அதிகம் என்பார்கள். இளஞ்சிவப்பாக, திருப்பிப் பார்த்தால் மேற்பரப்பில் தீச்சுடர் போன்ற கோடுகள் ஓடும். வெயிலில் வைத்தால் நாளடைவில் நிறம் மங்கும்.

சரி, உங்கள் சங்கில் உருளுவது என்ன? இறுகிய மணலோ, சிறு கல்லோ, சங்கு செத்த பிறகு உள்ளே குடியேறிய துறவி நண்டின் கொடுக்கோ இருக்கலாம். பூஜைச் சங்கு என்பதால் காய்ந்த சந்தனக் கட்டி என்றே எனக்குத் தோன்றுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் வாயைக் கீழே சாய்த்து, புரியின் போக்கிலேயே மெல்லத் திருப்புங்கள்; வந்துவிடும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் கூடாது, ஓட்டை அரித்துவிடும்.

அந்த வியாபாரி மறுபடி வந்தால் சங்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். உடைக்கிற சாக்கில் உள்ளங்கையிலிருந்து ஒரு ரோஸ் மணியை நழுவவிட்டு, "எனக்குரிய பாதிப் பணத்தைக் கொடு" என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.