சூர்ய கிரணில் சேர்த்துவிட ஏஜென்டுக்குக் காசு கட்டலாமா?

கிளிநொச்சி தருமபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். இந்திய விமானப்படையின் சூர்ய கிரண் சாகசக் குழுவை போனில் பார்த்துப் பார்த்து, பறந்தால் அந்த விமானத்தில்தான் பறப்பேன் என்று நிற்கிறானாம். வவுனியாவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர், "உங்கள் வீட்டுக்காரரின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள்தானே, இந்திய வம்சாவளி ஒதுக்கீட்டில் பெடியனைச் சேர்த்துவிடலாம்" என்று சொல்லி 18 இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். முதலில் 3 இலட்சம் கட்ட வேண்டும். மகனின் கடவுச்சீட்டு ஏற்கெனவே அவர் கையில். மிச்சக் காசுக்குக் காணியை ஈடு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வைக்க வேண்டாம், தங்கச்சி. ஒரு சதமும் கட்ட வேண்டாம். நான் விமானப் பராமரிப்பு வேலையில் பல வருடங்கள் இருந்தவன். இந்த ஆள் சொல்வதில் எது எங்கே பொய் என்று விளங்கும்படி சொல்கிறேன். ஏனென்றால், உங்களிடம் காசு பெயராவிட்டால் அவர் அடுத்த வீட்டுக்குப் போவார்.

முதலில், அந்த ஏஜென்ட் கொடுத்ததாக நீங்கள் படம் எடுத்து அனுப்பிய கடிதம். பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அசோகச் சின்னம், பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு ஜெட் விமானம். சூலூர் தளத்தில் கிரண் மார்க் 2 விமானத்தில் 6 மாத சாகசப் பறப்புப் பயிற்சி, முடிவில் "சாகச விமானி அனுமதிப்பத்திரம்" என்று எழுதியிருக்கிறது. சூர்ய கிரண் குழு 1996இல் கர்நாடகாவிலுள்ள பீதரில் தொடங்கியது, இன்றைக்கும் அதன் இடம் பீதர்தான். கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூரில் இருப்பது சாரங் என்ற வேறொரு குழு. அவர்கள் துருவ் ஹெலிகொப்டரில் சாகசம் செய்பவர்கள். கிரண் மார்க் 2 விமானமோ 2011ஆம் ஆண்டோடு குழுவிலிருந்து போய்விட்டது. புது விமானிகளைப் பயிற்ற விமானம் போதவில்லை என்று அவற்றைத் திருப்பி எடுத்தார்கள், குழுவே நின்றுபோனது. 2015இல் திரும்ப எழும்பியபோது கையில் இருந்தது ஹோக் மார்க் 132. உங்கள் மகன் போனில் பார்க்கும் ஒன்பது விமானமும் ஹோக்தான். அவனிடமே அந்தக் கடிதத்தைக் கொடுத்து, படத்தில் இருப்பதும் போனில் பார்ப்பதும் ஒரே விமானமா என்று பார்க்கச் சொல்லுங்கள், நான் சொல்லத் தேவையில்லை. சாகச விமானி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி இந்தக் குழுவுக்குள் போகும் வழி எதுவும் இல்லை. கீழே இருக்கும் வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. எந்த நாட்டு விமானப்படை அப்படிக் காசு வாங்குகிறது?

படைகளின் சாகசக் குழுக்கள் நேரடியாக வெளியிலிருந்து ஆள் எடுப்பதே கிடையாது. படையில் ஏற்கெனவே விமானியாக இருந்து, மேலதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கியவர்களிலிருந்துதான் பொறுக்கி எடுப்பார்கள். பிரித்தானியாவின் ரெட் அரோஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், முன்னணிப் படைப்பிரிவு ஒன்றில் பணி முடித்திருக்க வேண்டும். எடுபட்டால் வழக்கமாக மூன்று வருடம் இருப்பார்கள், பிறகு படையின் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சூர்ய கிரணும் அப்படித்தான், போர் விமானிகளிலிருந்து தெரிவு. காரணம் உண்டு. பக்கத்து விமானம் 5 மீற்றருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கும். திருப்பத்தில் உடலின் பாரம் ஆறு ஏழு மடங்காகும், 60 கிலோ ஆள் 400 கிலோவை உணர்வான். இரத்தம் தலையிலிருந்து இறங்கி, கண் இருண்டு வரும். அதைத் தாங்கிக்கொண்டு, தலைவரின் விமானத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் ஓட்ட வேண்டும். 6 மாதப் பயிற்சியில் இது வராது.

ஹோக் விமானத்தைப் பற்றியும் ஒரு சொல். அதைப் பெரிய சண்டை விமானம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது இரண்டு இருக்கை, ஒற்றை இயந்திரம் கொண்ட பயிற்சி விமானம். போர் விமானத்துக்குப் போகப்போகும் இளம் விமானிகள் பழகுவது அதில்தான், எங்கள் ஊரில் எல் போர்ட் கட்டிய வாகனத்தைப் போல. லேசானது, சொன்னபடி திரும்பும், ஓட்டும் செலவு குறைவு. அதனால்தான் பல நாட்டுச் சாகசக் குழுக்கள் பயிற்சி விமானத்தையே வைத்திருக்கின்றன. வாலுக்குப் பின்னால் வரும் நிறப் புகையும் மாயம் இல்லை. சூடான எக்சோஸ்டுக்குள் டீசலைப் பீச்சினால் வெள்ளைப் புகை, சாயம் கலந்தால் நிறப் புகை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"இந்திய வம்சாவளி ஒதுக்கீடு" என்று அவர் சொன்னது முழுப் பொய் என்றால் இவ்வளவு பேர் ஏமாற மாட்டார்கள். அதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அந்தத் துண்டை வைத்துத்தான் வியாபாரம். ஆகவே இதை ஆறுதலாக வாசியுங்கள்.

இந்தியாவில் பாடசாலை முடித்த பிள்ளை படை அதிகாரியாகப் போகும் பெரிய வழி, தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான (NDA) நுழைவுப் பரீட்சை. அந்த அகாடமி புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. பரீட்சையை நடத்துவது அந்த நாட்டு மத்திய தேர்வாணையம். அதன் அறிவித்தலில் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியில் மூன்று வகை இருக்கிறது: இந்தியக் குடிமகன், நேபாள நாட்டவர், மூன்றாவதாக, இந்திய வம்சாவளியில் வந்து, பாகிஸ்தான், பர்மா, இலங்கை மற்றும் சில நாடுகளிலிருந்து இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு இடம்பெயர்ந்தவர். இலங்கை என்ற பெயர் அதில் இருக்கிறது. ஏஜென்ட் காட்டும் பக்கம் இதுதான். மஞ்சள் மையால் கோடு போட்டுக் காட்டுவார்.

ஆனால் அந்த வசனத்தை முழுக்க வாசிக்க வேண்டும். "இடம்பெயர்ந்தவர்" என்று இருக்கிறது. தருமபுரத்தில் இருந்துகொண்டு, இலங்கை அடையாள அட்டையோடு, படித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று நினைக்கும் பிள்ளை அதற்குள் வரமாட்டான். இந்தியாவுக்குப் போய், இனி அதுதான் என் நாடு என்று குடியேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் இந்திய அரசாங்கம் அவருக்கென்று ஒரு தகுதிச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வவுனியாவில் அடிக்க முடியாது. பூட்டன் திருச்சியிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர் என்பதற்காகவும் கிடைக்காது. இது ஒதுக்கீடும் இல்லை, இத்தனை இடம் என்று எங்கும் எழுதியில்லை. விண்ணப்பிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான், பிறகு எல்லாரோடும் சேர்ந்து பரீட்சையில் வெல்ல வேண்டும்.

உங்கள் குடும்பத்தின் நிலை என்ன? 1977 கலவரத்துக்குப் பிறகு பதுளைப் பக்கமிருந்து வன்னிக்கு வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையக மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டும் போகாமல் இங்கேயே தங்கியவர்களின் சிக்கலை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்த்தன. இன்றைக்கு உங்கள் மகன் சந்தேகமில்லாத இலங்கைக் குடிமகன், அந்த உரிமைக்காக உங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள். ஒரு போலிக் கடிதத்துக்காக அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றுக் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போன உங்கள் சொந்தக்காரரின் பிள்ளை கேட்டால் பதில் வேறு. அந்தப் பிள்ளை முதல் வகை, இந்தியக் குடிமகன். சான்றிதழ் ஒன்றும் தேவையில்லை, வயதும் படிப்பும் சரியென்றால் நேரே எழுதலாம். பரீட்சைக் கட்டணம் 100 இந்திய ரூபாய். இங்கே கேட்ட 18 இலட்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1983க்குப் பிறகு அகதியாகப் போய் முகாமில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ, அங்கேயே பிறந்தாலும் குடியுரிமை இன்னும் பெரும்பாலும் இல்லை. அவர்களையும் இதே கடிதத்தைக் காட்டித்தான் உரிக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இன்னொரு தூண்டில், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை எடுத்துத் தருகிறேன் என்பது. அந்த அட்டை விசா இல்லாமல் போய்வர உதவும். படையில் சேர உதவாது.

இப்படிப்பட்ட ஆட்கள் எங்கள் பக்கம் ஏன் பெருகினார்கள்? பிள்ளைக்கு வழி சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால். தொழில் வழிகாட்டல் என்று வருடத்தில் ஒரு நாள் வந்து, பதாகை கட்டி, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விமானியாக வேண்டும் என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால், நன்றாகப் படி தம்பி என்பதுதான் பதில். நிறக்குருடு இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும் என்றுகூட ஒருவரும் சொல்வதில்லை. புள்ளி புள்ளியாக நிறம் போட்ட படத்தில் எண்ணை வாசிக்கச் சொல்லும் சோதனை அது, ஐந்து நிமிட வேலை. அதை ஒன்பதாம் வகுப்பில் செய்துவிட்டால் எத்தனை பிள்ளைகளின் வருடங்கள் மிஞ்சும்! ஏஜென்டோ சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்து ஒரு மணித்தியாலம் பேசுகிறான். அதிகாரிகள் விட்ட இடத்தில்தான் அவன் மேசை போட்டிருக்கிறான்.

சில சொற்களைக் கேட்டாலே எழும்பி வந்துவிடுங்கள். "பதிவுக் கட்டணம் மட்டும் இப்போது கட்டுங்கள்." "மேலிடத்தில் ஆள் இருக்கிறது." "கடவுச்சீட்டு எங்களிடமே இருக்கட்டும்." சுவரில் விமானிகளோடு தோளில் கை போட்ட படம் தொங்கும். பெங்களூரு விமானக் கண்காட்சிக்குப் போகும் எவரும் அப்படி எடுக்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதே என்பார். அந்த உரிமம் வேலைக்கு ஆள் அனுப்ப. பயிற்சி, படிப்பு என்று சொல்லி வாங்கும் காசுக்கு அது பொறுப்பேற்காது, அதனால்தான் பற்றுச்சீட்டில் "பயிற்சிக் கட்டணம்" என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டுப் படை என்ற சொல் வந்தால் இன்னும் பயப்படுங்கள். ஐரோப்பாவுக்கு என்று கூட்டிப்போன வடபகுதி இளைஞர்களை ரஷ்யப் படையில் சேர்த்துவிட்டதாகப் பெற்றோர் அழுது முறைப்பாடு செய்து அதிக காலம் ஆகவில்லை.

சரி, மகனுக்கு என்ன வழி? இலங்கைக் குடிமகனுக்குப் படை விமானியாகும் வழி இலங்கை விமானப்படைதான். விளம்பரம் வெளிப்படையாக வரும், பயிற்சி சீனன்குடாவில், தரகருக்கு அங்கே வேலை இல்லை. கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறைக்கு இது இலேசான முடிவு இல்லை என்று எனக்குத் தெரியும். அதை உங்கள் வீடு முடிவு செய்யட்டும், நான் தள்ளவும் மாட்டேன் தடுக்கவும் மாட்டேன். பயணிகள் விமானம் ஓட்டலாம் என்றால், தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பும், வர்த்தக விமானிக்கு வழக்கமாக 200 மணித்தியாலமும் வேண்டும். 18 இலட்சம் அதற்குக் கிட்டவும் வராது. எந்தப் பள்ளிக்கு அனுமதி உண்டு என்பதை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பட்டியலில் நீங்களே பாருங்கள். விமான நிலைய வேலைக்கான டிப்ளோமாவை விமானிப் படிப்பு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், கவனம்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். ரெட் அரோஸ் குழுவில் ஓட்டுபவர்கள் மட்டும் பறப்பதில்லை. காட்சிக் காலத்தில் தெரிவான பொறியியல் ஆட்கள் ஆளுக்கொரு விமானத்தின் பின் இருக்கையில் ஏறி, காட்சி நடக்கும் ஊருக்கு ஊர் கூடவே போவார்கள். இறங்கியதும் எரிபொருள் நிரப்பி, புகைக்குரிய சாயம் ஏற்றி, அடுத்த பறப்புக்கு விமானத்தைத் தயார் செய்வது அவர்கள்தான். அறிவியல் நகரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. விமானம் அங்கே இல்லைதான். ஆனால் விமானத்தில் கை வைக்கத் தேவையான இயந்திரமும் மின்னும் அங்கே தொடங்கலாம். நானும் அந்தக் கதவால் போனவன்தான்.

இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டியது இரண்டு. மகனைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் பார்வையும் நிறமும் சோதியுங்கள். அதற்கு முன்பே, நாளைக்கே, ஆண் துணை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்க் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்குங்கள். சண்டை பிடிக்க வேண்டாம், மகனுக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். கோப்புச் செலவு, ரத்துக் கட்டணம் என்று காசு கேட்டால் கொடுக்காமல் நேரே பொலிஸுக்குப் போங்கள். கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதித் தந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.