அம்மா போடற மெசேஜுக்கு கட்டவெரல் மட்டும்தான் வருதா?

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பெரிய பையன் டல்லஸ்ல, பொண்ணு மெல்போர்ன்ல, தங்கச்சி துபாய்ல இருக்காங்களாம். "தெனம் காலைல எழுந்ததும் ஃபேமிலி குரூப்ல எதனா போட்டுகினேதான் கீறேன், யாரும் பேசறதில்ல, ஒரு கட்டவெரல போட்டுட்டு போயிடறாங்க. போன் பண்ணா தூங்கறேன், மீட்டிங்னு சொல்றான். போன மாசம் இவருக்கு சுகர் ஏறிப்போயி வேலூர்ல ரெண்டு நாள் அட்மிட் பண்ணோம், பசங்க பயந்துக்குவாங்கன்னு சொல்லல, நாத்தனார் பையன் சொல்லிட்டான், இப்போ பெரியவன் சரியா பேசறதே இல்ல. இன்சுலின் ஆரம்பிச்சிருக்காங்க, அதயும் இன்னும் சொல்லல. இன்னா சொல்லணும், எப்போ சொல்லணும், எத வுடணும்?"

அம்மா, நீங்க கேட்டது மூணு கேள்வி. முதல்ல குரூப் சமாச்சாரம். நீங்க அனுப்பின ஒரு வாரத்து ஸ்க்ரீன்ஷாட்ட பாத்தேன். குட்மார்னிங் பூ, சீரகத்தண்ணி வைத்தியம், யாரோ சாமியார் வீடியோ, மறுபடி பூ, அதுக்கு நடுவுல "மோர்தானா டேம் ரொம்பி ஆத்துல தண்ணி வருது, அப்பா போய் பாத்துட்டு வந்தாரு"ன்னு ஒரு வரி, அதுக்கு கீழ உடனே யாருக்கோ பொறந்தநாள் கேக். ஒங்க ஊர் கவுண்டன்யா ஆத்துல தண்ணி வர்றது எவ்ளோ பெரிய சேதி, அந்த காஞ்ச ஆத்து மணல்ல கிரிக்கெட் ஆடி வளந்த பையனுக்கு அது தெரிய வேணாமா? ஆனா அவன் கண்ணுல அது பட்டிருக்கவே பட்டிருக்காது, ஏன்னா முக்காவாசி பேர் இந்த மாதிரி குரூப்ப மியூட்ல போட்டு வெச்சிருப்பாங்க, ராத்திரி படுக்கும்போது மேலருந்து கீழ ஒரு தள்ளு தள்ளி கடைசில ஒரு கட்டவெரல். அதோட, இருவது பேர் இருக்கற எடத்துல யாராவது ஒருத்தர் பதில் சொல்லிடுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனைக்கறாங்க. பாசம் கொறஞ்சு போச்சுன்னு இத எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் பொதுவா சொன்னத யாரும் தனக்கு சொன்னதா எடுத்துக்க மாட்டாங்க, அவ்ளோதான்.

அதனால ஃபார்வேர்ட நிறுத்துங்கன்னு சொல்லல, அது ஒங்க சந்தோஷம், குரூப்போட இருக்கட்டும். நம்ம வீட்டு சேதிய மட்டும் பையனுக்கு தனியா, பொண்ணுக்கு தனியா, தங்கச்சிக்கு தனியா அனுப்புங்க, அந்த தனி சாட்ல ஃபார்வேர்ட் ஒண்ணு கூட போகக்கூடாது. ஃபார்வேர்ட் பண்ணதுன்னா மேல ஒரு அம்புக்குறி வந்துடும், நெறைய கை மாறினதுன்னா ரெண்டு அம்பு, அத பாத்த ஒடனே பசங்க தொறக்காமலே தள்ளிடுவாங்க. அந்த சாட்ட தொறந்தா எப்பவும் அம்மாதான் பேசுவாங்கன்னு அவங்களுக்கு பழகணும்.

இன்னா சொல்றதுன்னா, அவங்க விட்டுட்டு போனது இப்போ எப்படி இருக்குன்னு சொல்லுங்க. பையனுக்கு, அவன் கூட படிச்சவன பஸ் ஸ்டாண்ட்ல பாத்தது, அவன் ஓட்டிகிட்டு இருந்த எக்ஸெல் வண்டிய வித்தது. பொண்ணுக்கு, அவ வெச்ச கருவேப்பிலை மரம் சுவத்து ஓரமா சாஞ்சது. தங்கச்சிக்கு, சந்தைக்கு முள்ளு கத்திரிக்கா வந்துருச்சு, இலவம்பாடி காய், கிலோ இன்னா வெல சொன்னான், நீங்க எவ்ளோ கொறச்சு கேட்டீங்க, அவன் இன்னா மொறச்சான், எல்லாத்தையும் சொல்லுங்க. (அந்த கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுதுன்னு சொல்லிப் பாருங்க, துபாய்ல இருந்தே ஒரு வாரம் அதையே பேசுவாங்க.) பெரிய சேதி வரட்டும்னு காத்திருந்தா கல்யாணமும் சாவும் மட்டும்தான் மிஞ்சும். "சாப்டியா"ன்னு கேளுங்க, கேக்காம இருக்க முடியாது, தெரியும். ஆனா அதோட நிறுத்தினா "ம்"னுதான் பதில் வரும். அதுக்கு பதிலா பதில் சொல்லியே ஆகணும்ங்கற மாதிரி ஒண்ணு கேளுங்க: ரெண்டு புடவைய விரிச்சு போட்டோ எடுத்து, சித்தி வீட்டு வளைகாப்புக்கு இதுவா அதுவான்னு பொண்ணுகிட்ட கேளுங்க. அவ கண்டிப்பா சொல்லுவா, ரெண்டும் வேணாம்னாவது சொல்லுவா.

டைப் பண்ண கஷ்டமா இருந்தா வாய்ஸ் அனுப்புங்க. மைக்க அழுத்தி பிடிச்சுகிட்டே இருக்க வேணாம், அழுத்தி மேல தள்ளுனா பூட்டிக்கும், கைய எடுத்துட்டு வெங்காயம் நறுக்கிகிட்டே பேசலாம். ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிங்க, ஒரு வாய்ஸ்ல ஒரு சேதி. பத்து நிமிஷம் பேசி அனுப்பினா பையன் அத ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி கேப்பான், கோவப்படாதீங்க, எல்லா வீட்லயும் அதான் நடக்குது. பேச்சுக்கு பின்னாடி குக்கர் விசில், தெருவுல கீரைக்காரம்மா கொரல் கேட்டா கேக்கட்டும், அத அமுக்க வேணாம். வைகாசி 1ந்தேதி ஒங்க ஊர் கங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு மட்டும் வீடியோ கால்ல காட்டறேன்னு போன தூக்கிகிட்டு கூட்டத்துல நிக்காதீங்க, அந்த நெரிசல்ல கால் நிக்காது, போனும் போயிடும். மாடில நின்னு பம்பை சத்தத்தோட அர நிமிஷம் எடுத்து வெச்சுக்குங்க, வீட்டுக்கு வந்து அனுப்புங்க.

ரெண்டாவது, நேரம். நீங்க சாப்பாடு முடிச்சுட்டு மத்தியானம் 2:30க்கு பையனுக்கு அடிக்கறீங்க, டல்லஸ்ல அப்போ விடியக்காலைல 4 மணி, குளுர் காலத்துல 3 மணி. அவன் தூங்கறேன்னு சொன்னது பொய்யில்லம்மா. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை திருப்பி வைப்பாங்க. மெல்போர்ன்ல இது தலைகீழ், அக்டோபர்ல தள்ளி ஏப்ரல்ல திருப்புவாங்க. இத எல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல 6:30ஐ மட்டும் வெச்சுக்குங்க. டல்லஸ்ல அப்போ சனிக்கிழமை சாயந்தரம் 7 இல்லன்னா 8 மணி, மெல்போர்ன்ல ஞாயிறு 11லருந்து 12க்குள்ள, வருஷம் முழுக்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரும். துபாய் தங்கச்சிக்கு அப்போ காலைல 5 மணி, பாவம், அவங்கள எழுப்பாதீங்க. அங்க வாட்ஸ்அப்ல கால் பேச வுடறதில்ல, மெசேஜும் வாய்ஸும் போகும், பேசணும்னா போட்டிம்னு ஒரு ஆப் இருக்கு, அதுல பேசறாங்க.

இப்போ மூணாவது, இதுதான் முக்கியம். பையன் கோவம் அப்பாவுக்கு சுகர் ஏறினதுக்கு இல்ல. கடைசியா தெரிஞ்ச ஆளு அவன்தான், அதுவும் வேற ஒருத்தன் சொல்லி, அதுக்குதான். "அன்னிக்கு நல்லா இருக்காருன்னு சொன்னியே"ன்னு ஒரு சந்தேகம் வந்துடுச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க நல்லா இருக்கோம்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அவன் நாத்தனார் பையனுக்கு போன் போட்டு செக் பண்ணுவான். தூரத்துல இருக்கறவங்களுக்கு கெட்ட சேதிய விட இந்த சந்தேகம்தான் தூக்கத்த கெடுக்குது, இந்த மாதிரி குடும்பங்கள்ல நான் அடிக்கடி பாக்கறது இதான். அதனால மறைக்கலாமான்னு கேட்டா, கூடாதுன்னுதான் சொல்லுவேன். பரிட்சை, டெலிவரி மாதிரி இருந்தா ஒரு நாள் தள்ளலாம், அதுவும் கூட இருக்கற இன்னொருத்தர்கிட்ட, மருமககிட்டயோ மாப்ளகிட்டயோ சொல்லி வெச்சுட்டு.

சொல்ற விதம் இருக்கு. "பதறாத, ஒண்ணுமில்ல"ன்னு ஆரம்பிச்சா அங்கயே நெஞ்சு அடைச்சிடும். ராத்திரில மிஸ்டு கால் மட்டும் குடுத்துட்டு சும்மா இருந்துடாதீங்க. முதல் வரில இப்போ எப்படி இருக்காரு, அடுத்து இன்னா ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருக்கா, டாக்டர் இன்னா சொன்னாரு, அடுத்து நான் எப்போ கூப்பிடுவேன். இப்படி: "அப்பா இப்போ ஒக்காந்து இட்லி சாப்புடறாரு. காலைல சுகர் ஏறி தலை சுத்திச்சு, அட்மிட் பண்ணிருக்கோம், மாமா கூட இருக்காரு, நாளைக்கு அனுப்பிடுவேன்னு டாக்டர் சொன்னாரு, சாயந்தரம் 7:30க்கு கூப்புடறேன்." சொன்ன நேரத்துக்கு கூப்பிடணும், புது சேதி இல்லன்னாலும். டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோவா அனுப்பினா எழுத்து மங்கும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க, பையன் பெருசு பண்ணி படிச்சுக்குவான்.

ஒண்ணு இடையில சொல்லிடறேன். போலீஸ்னு சொல்லிகிட்டு வீடியோ கால்ல வந்து "ஒங்க பையன் மாட்டிகிட்டான், பணம் அனுப்புங்க"ன்னு மெரட்டினா கட் பண்ணிட்டு மொதல்ல அவனுக்கே கூப்புடுங்க, அகாலமா இருந்தாலும் பரவால்ல. பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிக்கணும்.

அப்புறம் எத வுடணும்னு கேட்டீங்க. பக்கத்து வீட்டு பொண்ணு புருஷன விட்டுட்டு வந்தது, மச்சினர் கடன், இதெல்லாம் எழுத்துல போகவே வேணாம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா எங்க சுத்தும்னு தெரியாது. பேரன் பேத்தி போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைக்கறதுக்கு முன்னாடி அவங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க. பேத்தி பெரிய மனுஷி ஆன சேதி, மஞ்சத்தண்ணி ஊத்தறது, இதெல்லாம் நம்ம ஊர்ல பத்திரிகை அடிச்சு சொல்ற விஷயமா இருக்கலாம், மெல்போர்ன்ல ஏழாவது படிக்கற பொண்ணுக்கு அது அப்படி இல்ல. கேட்டு, அவ சரின்னா போடுங்க.

இன்சுலின் விஷயத்த இந்த ஞாயித்துக்கிழமை 6:30 கால்லயே சொல்லிடுங்க, ஆனா நீங்க சொல்லாதீங்க, அவரே சொல்லட்டும். எத்தன யூனிட், எப்போ போட்டுக்கறாரு, யார் போட்டு விடறாங்கன்னு பையன் கேப்பான், சீட்ட கையில எடுத்து வெச்சுக்க சொல்லுங்க. "அன்னிக்கே சொல்லிருக்கணும்"னு பையன் கத்தினா, "ஆமாடா"ன்னு ஒரே வார்த்தைல ஒத்துக்குங்க, ஏன் சொல்லலன்னு வெளக்க ஆரம்பிச்சுடாதீங்க.