ஓ பேர் வேலையும் படிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அறையும் சாப்பாடும் கைச்செலவுப் பணமும் பெற்று அந்த நாட்டு மொழியைக் கற்பதுதான் ஓ பேர் ஏற்பாடு. இதுபற்றி மாணவ, மாணவியர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலோர் ஜெர்மனியைப் பற்றியே கேட்டிருப்பதால், வேறு நாட்டின் பெயர் சொல்லாத இடங்களில் ஜெர்மனி விதிகள் என்றே கொள்ளவும்.

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகிறேன். ஓ பேராக ஒரு வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா?

முடியாது. இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். ஓ பேர் விசாவில் மொழி வகுப்புக்குப் போகலாம். பட்டப்படிப்பு அதன் நோக்கம் அல்ல. மாணவர் அனுமதியில் போனால் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். சம்பளத்துக்குப் பதில் அறை தருகிறோம் என்று குடும்பம் சொன்னாலும் அது வேலையே. ‘சும்மா கூடமாட ஒத்தாசை’ என்று வாய்ப்பேச்சாக முடிக்காமல் எழுதி வாங்குங்கள்.

ஓ பேராக இருந்தபடியே கல்லூரிப் பாடமும் படிப்பதற்கென்று வகுத்த வழி அமெரிக்காவில் உண்டு. அங்கே சாதாரண ஓ பேர் வாரம் 45 மணி நேரம் வரை வேலை செய்து 6 கிரெடிட் (கல்லூரிப் பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) படிக்க வேண்டும். கல்விக் கட்டணத்தில் 500 டாலர் வரை குடும்பம் தரும். ‘எஜுகேர்’ பிரிவில் வேலை 30 மணி நேரம், படிப்பு 12 கிரெடிட், குடும்பத்தின் பங்கு 1,000 டாலர் வரை. ஆனால் வாராந்தரத் தொகையும் அதற்கேற்பக் குறையும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாக மட்டுமே போக முடியும். பிரான்சில் 18 முதல் 30 வயது வரை, வாரம் 25 மணி நேரம். நார்வே 2024 மார்ச்சில் ஓ பேர் அனுமதியை நிறுத்திவிட்டது. பிரிட்டனில் ஓ பேர் விசா என்று ஒன்று இல்லை; அதை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அது மோசடி.

கேள்வி: ஒரு வருடம் ஓ பேராக இருந்து சேமித்து, அந்தப் பணத்தில் அங்கேயே பல்கலைக்கழகத்தில் சேரலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ. ஒரு காசுகூடச் செலவழிக்காமல் 12 மாதம் சேர்த்தாலும் 3,360 யூரோதான். மாணவர் அனுமதிக்கு, செலவுக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ.

மொழியிலும் இதே இடைவெளிதான். ஓ பேர் விசாவுக்கு ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 போதும் (அதற்கு மேல் ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறும்). ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மொழித் தேர்வுகளில் ஒன்றை, அதாவது டிஎஸ்எச் தேர்வில் 2-ஆம் நிலை (டிஎஸ்எச்-2) அல்லது டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 4-ஆம் நிலை, கேட்பார்கள். ஏ1-இல் தொடங்கி ஒழுங்காக வகுப்புக்குப் போகிறவர் ஒரு வருடத்தில் பி1, உழைத்தால் பி2 தொடலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. போகும் முன்பே பி1 முடித்துவிட்டால் அந்த ஒரு வருடம் உண்மையாகவே உதவும். குளிர்காலப் பருவச் சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசி நாள் என்பதால், போன சில மாதங்களிலேயே சான்றிதழ்களையும் மொழிபெயர்ப்புகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வாரம் 30 மணி நேரம் என்கிறார்கள். அதற்குள் மொழி வகுப்புக்கு நேரம் கிடைக்குமா?

கிடைப்பதும் கிடைக்காததும் குழந்தையின் வயதைப் பொறுத்தது. ஒரு மாதிரி வாரம்: காலை 7 முதல் 8.30 வரை எழுப்பி, உணவு கொடுத்துப் பள்ளியில் விடுவது. மாலை 3 முதல் 6.30 வரை அழைத்து வந்து பார்த்துக்கொள்வது. நாளுக்கு 5 மணி, ஐந்து நாளுக்கு 25. பெற்றோர் வெளியே போகும் சனிக்கிழமை மாலை 5 முதல் இரவு 10 வரை 5. மொத்தம் 30 ஆகிவிட்டது. இந்த அட்டவணையில் காலை 9.30 முதல் மதியம் 12.30 வரை வகுப்புக்குப் போகலாம். பள்ளிக்கோ மழலையர் பள்ளிக்கோ போகாத கைக்குழந்தை உள்ள வீடென்றால் அந்தக் காலை நேரமே உங்களுக்குக் கிடைக்காது. படிப்பு முக்கியம் என்றால் மூன்று வயதுக்கு மேற்பட்ட, வெளியே போய்வரும் குழந்தைகள் உள்ள குடும்பத்தையே தேடுங்கள்.

தகராறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, குழந்தைகள் தூங்கியபின் வீட்டில் காத்திருக்கும் இரவு நேரத்தை வேலையாகவே எண்ணாமல் விடுவது. நீங்கள் வெளியே போக முடியாதபடி பொறுப்பில் இருந்தால் அது வேலை நேரம்தான், 30-க்குள் அடங்க வேண்டும். இரண்டாவது, குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளும் பள்ளி விடுமுறை வாரங்களும். அப்போது யார் வீட்டில் இருப்பார்கள், கூடுதல் நேரத்துக்கு எந்த நாளில் ஓய்வு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாளுக்கு 6 மணிக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு விடுப்பு, வாரம் நான்கு மாலைகள் உங்களுக்கு. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ குடும்பம் தர வேண்டும். நோய், விபத்துக் காப்பீடும் அவர்கள் செலவு.

கேள்வி: வீட்டு வேலை எதுவரை?

குழந்தைகளின் உணவு, துணி, அறை, பொது இடங்களை லேசாகப் பெருக்குவது. வீடு முழுவதையும் துடைப்பது, முதியவரைப் பராமரிப்பது, குடும்பத்தின் கடையில் நிற்பது ஆகியவை ஓ பேர் வேலை அல்ல.

கேள்வி: இணையத்தில் ஒரு குடும்பம் உடனே ஒப்புக்கொண்டது. நம்பலாமா?

வழக்கத்தைவிடப் பல மடங்கு பணம், வீடியோவில் வர மறுப்பு, விசா செலவுக்கோ ‘வக்கீலுக்கோ’ முன்பணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். பாஸ்போர்ட் நகலை ஒப்பந்தத்துக்கு முன் அனுப்ப வேண்டாம். மூன்று முறையாவது வீடியோவில் பேசுங்கள்: முதலில் பெற்றோரிடம், பிறகு குழந்தைகள் விளையாடும் நேரத்தில், கடைசியாக முந்தைய ஓ பேரிடம் தனியாக. அந்தக் கடைசிப் பேச்சுக்குக் குடும்பம் தயங்கினால் காரணம் கேளுங்கள். ஏஜென்சி வழியாகப் போனால், ஜெர்மன் ஏஜென்சி ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. ‘ரால்’ என்ற ஜெர்மன் தரமுத்திரை உள்ள ஏஜென்சிகள் பாதுகாப்பானவை.

இன்னொன்று: விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஓ பேராக ஒருமுறைதான் போக முடியும், அதிகபட்சம் ஒரு வருடம். ஆறு மாதத்தில் திரும்பி வந்தவருக்கும் மறுவாய்ப்பு இல்லை. அதனால் அவசரப்பட்டு முதல் குடும்பத்துக்கே தலையாட்டாதீர்கள்.

கேள்வி: வந்து மூன்று மாதம் ஆகிறது. வாரம் 45 மணி நேரம் வேலை. வெளியேறினால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களா?

குடும்பத்தை மாற்றுவது குற்றமல்ல. வரிசைதான் முக்கியம். இன்றிலிருந்தே தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால் ஒப்பந்தத்தையும் அதையும் அருகருகே வைத்து அமைதியாகப் பேசலாம். பலனில்லை என்றால் ஏஜென்சிக்கு எழுதுங்கள், புதிய குடும்பம் தேடுங்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் அறிவிப்புக் காலம் வழக்கமாக இரண்டு வாரம். புதிய ஒப்பந்தத்தோடு வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். மொத்தக் காலம் ஒரு வருடத்தைத் தாண்டாது. சொல்லாமல் வெளியேறி நண்பர் வீட்டில் தங்குவதுதான் ஆபத்து, அனுமதி அங்கேதான் கேள்விக்குள்ளாகும். பாஸ்போர்ட் எப்போதும் உங்களிடமே இருக்க வேண்டும். அடி, மிரட்டல், தொந்தரவு என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம், உடனே வெளியேறுங்கள். காவல்துறை 110; பெண்களுக்கான உதவி எண் 116 016, கட்டணமில்லை, பல மொழிகளில் பேசலாம்.

கேள்வி: ஆண்கள் போகலாமா?

விதியில் தடை இல்லை. ஆனால் குடும்பங்கள் தயங்குவதால் தேடலை நான்கைந்து மாதம் முன்கூட்டியே தொடங்குங்கள். குழந்தைகளோடு பணிபுரிந்ததற்கான கடிதம், முதலுதவிச் சான்றிதழ், நீச்சல் அல்லது சைக்கிள் தெரியும் என்ற குறிப்பு ஆகியவை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவர்கள் உள்ள வீடுகளில் வாய்ப்பு அதிகம்.