சிஐபி பம்ப் எத்தனை ஹெச்.பி. வாங்கலாம்?

கேள்வி: காரைக்குடி அருகே புதுவயல் பக்கம் செட்டிநாடு கிரேவி பேஸ்ட் தயாரிக்கிறோம். 500 லிட்டர் கெட்டில், 1.2 மீட்டர் விட்டமுள்ள டேங்க், லோப் பம்ப், அங்கிருந்து ஃபில்லர் (நிரப்பும் இயந்திரம்) வரை 2 அங்குல எஸ்.எஸ். பைப் சுமார் 40 மீட்டர். சிஐபி-க்கு, அதாவது எதையும் கழற்றாமல் உள்ளேயே கழுவ, 1 ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப் வைத்து காஸ்டிக் சோடாக் கரைசல் ஓட்டுகிறோம். கழுவிய பிறகும் பூண்டு வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகவில்லை. 5 ஹெச்.பி. பம்ப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 5 ஹெச்.பி. வேண்டாம். உங்கள் அளவுகளுக்கு 3 ஹெச்.பி. போதும். ஆனால் ஹெச்.பி. என்பது கணக்கின் கடைசி வரி. முதல் வரி, பைப்புக்குள் திரவம் ஓடும் வேகம்.

கழுவும் திரவம் நொடிக்கு 1.5 மீட்டராவது ஓடினால்தான் பைப் சுவரில் ஒட்டியதை உரசி எடுக்கும். அதற்குக் கீழே போனால் காஸ்டிக் எவ்வளவு போட்டாலும் பிசுக்கின் மேலே வழிந்து போகும், அவ்வளவுதான். 2 அங்குல பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 48 மி.மீ. அதில் இந்த வேகம் வர மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் ஓட வேண்டும். வழியில் எங்காவது இரண்டரை அங்குலத் துண்டு இருந்தால் தேவை 15,000 லிட்டராக ஏறிவிடும். பைப்பில் மிக அகலமான இடத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். பச்சைத்தண்ணீரை ஓட்டி, ஃபில்லர் முனையில் 200 லிட்டர் டிரம் வைத்து நேரம் பாருங்கள். 72 நொடியில் நிறைந்தால் 10,000 லிட்டர் வருகிறது. இரண்டு நிமிடம் எடுத்தால் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைக்கூடத் தொடவில்லை. உங்கள் பிசுக்குக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்து லோப் பம்ப். அது பேஸ்ட்டை மெதுவாகத் தள்ளப் பிறந்தது. 10,000 லிட்டரைத் தன் வழியாக விடாது. அதைச் சுற்றி ஒரு பைபாஸ் போட்டு, பெரும்பகுதி அதன் வழியே போகட்டும். லோப்பையும் மெதுவாகச் சுழலவிடுங்கள், உள்ளே காஸ்டிக் புகுந்து வெளியேறும். இந்த பைபாஸ் இல்லாத ஆலையில் எந்த சிஐபி பம்ப் வாங்கினாலும் பணம் வீண்.

டேங்குக்குக் கணக்கு வேறு. டேங்குக்குள் தண்ணீர் தெளிக்கும் துளையிட்ட உருண்டையான, சுழலாத ஸ்ப்ரே பாலுக்கு, சுற்றளவில் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் வேண்டும். உங்கள் டேங்கின் சுற்றளவு சுமார் 3.8 மீட்டர், அப்படியானால் மணிக்கு 6,800 லிட்டர், ஸ்ப்ரே பாலின் வாயில் 1.5 பார் அழுத்தம். அழுத்தம் மிகவும் கூடினால் தண்ணீர் புகைபோலச் சிதறும், சுவரில் திரையாக இறங்காது. 5 ஹெச்.பி. போட்டால் வரும் முதல் கெடுதல் இது. ஆகவே டேங்கையும் லைனையும் தனித்தனிச் சுற்றாகக் கழுவுங்கள். பம்ப் மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் கருவி) வைத்து, டேங்க் சுற்றுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதியாகும்.

ஹெட் (பம்ப் தாண்டித் தள்ள வேண்டிய மொத்த எதிர்ப்பு, மீட்டர் உயரமாக) கணக்கு: உயரம் 4 மீட்டர், பைப்பும் அதன் வளைவுகளும் 4, ஸ்ப்ரே பால் 15, ஹீட்டர் 5, வால்வும் ஸ்ட்ரெய்னரும் (வடிகட்டி) 3. கொஞ்சம் கூட்டி 35 மீட்டர் என்று வையுங்கள். 10,000 லிட்டரை 35 மீட்டருக்குத் தள்ள, 50 சதவீதத் திறனில் 1.9 கிலோவாட் பிடிக்கும். 2.2 கிலோவாட் மோட்டார், அதாவது 3 ஹெச்.பி.

பம்ப் வகை சானிட்டரி சென்ட்ரிஃபியூகல், அதாவது சுழலும் விசிறியால் தள்ளும், உணவு ஆலைக்கேற்ற பம்ப். பலரும் சறுக்கும் இடம் உறிஞ்சும் பக்கம். 30 டிகிரி தண்ணீரில் நன்றாக ஓடும் பம்ப், 85 டிகிரி காஸ்டிக்கில் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தமிடும். அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகத் துடிப்பதால், பம்ப்பின் வாய்க்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 4.5 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. சாதாரணத் தண்ணீரில் அது 10 மீட்டருக்கு அருகில். காஸ்டிக் டேங்கைப் பம்ப்பைவிட உயரத்தில் வையுங்கள். உறிஞ்சும் பைப் குட்டையாக, வெளியேறும் பைப்பைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் ஸ்ட்ரெய்னர் வேண்டாம். வெளியேறும் பக்கத்தில் வையுங்கள். ஓட்டத்தைக் குறைப்பதற்காகக்கூட உறிஞ்சும் பக்க வால்வைத் தொடாதீர்கள்.

திரும்பி வரும் பக்கத்துக்கு சாதாரண சென்ட்ரிஃபியூகல் உதவாது. டேங்க் அடியிலிருந்து நுரையும் காற்றும் கலந்து வரும். காற்றை விழுங்கினால் அது பிடிப்பு விட்டுவிடும். காற்றையும் சேர்த்து இழுக்கும் செல்ஃப் பிரைமிங் லிக்விட் ரிங் பம்ப் வேண்டும், அனுப்பும் அளவைவிடப் பத்து, இருபது சதவீதம் கூடுதலாக. டேங்க் அடியில் குளம் கட்டினால் அந்த அடி கழுவப்படவே இல்லை என்று கொள்ளுங்கள்.

இரும்பு மோனோபிளாக்கை இனி இந்த வேலைக்கு வைக்காதீர்கள். கழுவ நைட்ரிக் அமிலம் ஓட்டினால் அது வார்ப்பிரும்பை அரித்துவிடும். நனையும் பாகங்கள் எஸ்.எஸ். 316எல், சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள், மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டு வழியே கசியாமல் தடுப்பது) இரு முகமும் சிலிக்கன் கார்பைடு. சிஐபி பம்ப்புக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் சரி. ஆனால் பேஸ்ட் ஓடும் லைனில் அதே ரப்பரைப் போட்டால் எண்ணெயில் ஊதிப்போகும், உங்கள் பூண்டு வாசனையும் அதற்குள்ளேயே குடியேறும். விட்டான் ரப்பர் எண்ணெய் தாங்கும், சூடான காஸ்டிக் தாங்காது. அங்கே எச்.என்.பி.ஆர். ரப்பர் கேளுங்கள். ஊதியவற்றை உடனே மாற்றுங்கள்.

ஓட்டும் முறை: முதலில் 50 டிகிரித் தண்ணீர், 60-ஐத் தாண்டினால் முந்திரியின் புரதம் இறுகி ஒட்டும். பிறகு 1.5 முதல் 2 சதவீதக் காஸ்டிக், 75–80 டிகிரி, 20 நிமிடம். சூட்டைத் திரும்பும் பைப்பில் அளக்க வேண்டும். காஸ்டிக் சிவந்து வந்தால் துரு என்று பயப்பட வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆரத்தி போலத்தான் அதுவும். சிவப்பு குறையாமல் வந்தால் மசாலா இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் காஸ்டிக்கோடு சேர்ந்து சுண்ணாம்பு படிந்து சீல் முகத்தைக் கீறும், மென்னீர் பயன்படுத்துங்கள். சூடான காஸ்டிக் ஓடிய டேங்கில் பச்சைத்தண்ணீர் அடிக்கும் முன் வென்ட் (காற்றுத் துளை) திறந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டேங்க் நசுங்கிவிடும்.

விற்பவரிடம் 10,000 லிட்டர், 35 மீட்டர், 85 டிகிரி என்று எழுதிக் கொடுத்து, அந்தப் புள்ளி குறித்த பம்ப் கர்வையும் (அளவும் அழுத்தமும் காட்டும் வரைபடம்) என்.பி.எஸ்.ஹெச். (பம்ப்பின் வாய்க்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம்) அளவையும் வாங்குங்கள். அந்த அளவு 3 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. பொருத்திய பிறகும், இ.பி. லைனில் வேலை நடந்த ஒவ்வொரு முறையும், மோட்டார் சுற்றும் திசையைப் பாருங்கள். மின் இணைப்பில் ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும். அளவும் அழுத்தமும் மட்டும் குறைந்துபோகும்.