பூஜ்ஜியத்தைப் போடு, ஒன்றைப் போடு

அன்புள்ள ஐயா,

மகள் கணித ஒலிம்பியாடுக்குப் படிக்கிறாள். சார்புச் சமன்பாடு (ஓர் எண்ணைப் போட்டால் இன்னோர் எண்ணைத் தரும் விதியை, அதாவது சார்பை, கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு) வந்தாலே பயிற்சிப் புத்தகம் ‘முதலில் 0 போடு, பிறகு 1 போடு’ என்கிறது. இது முறையா, குருட்டாம்போக்கா? யார் ஆரம்பித்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குருட்டாம்போக்கு இல்லை. ஆனால் 0, 1 போடுவதோடு நிறுத்திவிட்டால் உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

ஆரம்பித்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் டலம்பேர், விசைகளைக் கூட்டும் கணக்கில் இப்படியொரு சமன்பாட்டில் முட்டிக்கொண்டார். இதைத் தனிக் கலையாகவே எடுத்துக்கொண்டவர் சார்ல்ஸ் பாபேஜ். ஆமாம், கணிப்பொறி பாபேஜேதான். 1815இல், 23 வயதில், லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று: எந்தச் சார்பை இருமுறை செலுத்தினால் பழைய எண்ணே திரும்ப வரும்? 1லிருந்து கழிப்பது ஒரு விடை: 0.3 போட்டால் 0.7, மறுபடி 0.3. இந்த ஒன்றை வைத்தே வேறு விடைகளைச் செய்துகொண்டு போகலாம் என்பதுதான் அவர் உபாயம். வர்க்கப்படுத்து, 1லிருந்து கழி, வர்க்கமூலம் எடு. 0.6 போனால் 0.36, 0.64, கடைசியில் 0.8. அந்த 0.8ஐ அனுப்பினால் 0.6 வந்து நிற்கும். வர்க்கம், வர்க்கமூலத்துக்குப் பதில் கனம், கனமூலம் வைத்தால் இன்னொரு விடை. முடிவே கிடையாது.

எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி. 1821இல் பாரிஸில் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் அவர் பார்த்தது நேரெதிர்ப் பக்கம்: வேறு விடையே இல்லை என்று எப்படிக் காட்டுவது? இரண்டு எண்களைக் கூட்டிப் போட்டாலும், தனித்தனியே போட்டுக் கூட்டினாலும் ஒன்றே வரும் சார்பை எடுங்கள். 1க்கு 5 வருகிறது என்றால் 2க்கு 10, 3க்கு 15. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. ஆகவே அரைக்கு 2.5. இப்படியே பின்னங்கள் எல்லாம் வசமாகிவிடும். 2இன் வர்க்கமூலத்தில் வண்டி நின்றுவிடுகிறது. எத்தனை பின்னங்களைக் கூட்டினாலும் அங்கே போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் சார்பு தொடர்ச்சியானது என்பதைக் கோஷி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். 1.4, 1.41, 1.414 என்று நெருங்கினால் விடையும் 7, 7.05, 7.07 என்று நெருங்கியே ஆகவேண்டும்.

பயிற்சிப் புத்தகங்கள் இந்தக் கடைசி அடியை ஒரு வரியில் தாண்டிவிடும். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் வேறு விடைகளும் உண்டு என்று 1905இல் ஜெர்மன் கணித அறிஞர் கியோர்க் ஹாமெல் காட்டினார். அவற்றின் வரைபடம் கோடாக இராது. தாள் முழுக்கத் தூவிய புள்ளிகள். எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும் உள்ளே ஒரு புள்ளி மாட்டும். உண்டு என்று நிரூபிக்கலாம், வாய்பாடாக எழுதிக் காட்ட முடியாது!

மகளிடம் சொல்லுங்கள்: 0 போடும் முன், வினாவில் ‘தொடர்ச்சியான’ என்ற சொல் இருக்கிறதா, இல்லையென்றால் விகிதமுறு எண்களுக்கு (முழு எண்களும் பின்னங்களும்) மட்டும்தான் கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கட்டும்.